சந்துச் சுவரில் ஒரு கீசர்

ஒசாகா, அக்டோபர் 4, 2010

நிஷிவாகி அம்மா அவர்களுக்கு,

கடிதம் எழுதும்போது முதலில் பருவத்தைப் பற்றி எழுத வேண்டுமாம். எழுதுகிறேன். இலையுதிர் காலம் வந்துவிட்டது. ஊருக்கெல்லாம் குளிர்ந்த காற்று வருகிறது. என் வீட்டுக்கு மட்டும் உங்கள் கீசரின் காற்று வருகிறது.

நேற்று நான் சந்தில் நின்று கேட்டதற்கு, "சுவரப் பாத்துக் கத்தாதீங்க ஹமாஜி ஐயா. என்ன குறையோ எழுதிக் குடுங்க, படிச்சுப் பாக்கறேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினீர்கள். இந்தக் கிழவன் எங்கே எழுதப் போகிறான் என்று நினைத்திருப்பீர்கள். இதோ எழுதிவிட்டேன். மூன்று தாள் கிழித்து நான்காவது தாளில் எழுதுகிறேன்.

என் குறை இதுதான். பிப்ரவரியில் உங்கள் குளியலறைச் சுவருக்கு வெளியே, நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே உள்ள சந்தில், தொட்டியில்லாத கேஸ் கீசரை மாட்டினீர்கள். என் பின்னறை ஜன்னலிலிருந்து கையை நீட்டினால் உங்கள் சுவர் தட்டும். அவ்வளவுதான் சந்து. அந்தக் கீசரின் புகைவாய் நேராக என் ஜன்னலைப் பார்க்கிறது. அந்த அறைக்கு வேறு ஜன்னல் கிடையாது. நான் படுப்பது அங்கேதான். என் மனைவி கினுயேவின் துணிப்பெட்டி இருப்பதும் அங்கேதான்.

தினமும் நான்கு மணிக்கு உங்கள் மாமியார் குளிக்கக் குழாயைத் திறக்கிறீர்கள். உடனே அது புஸ்ஸென்று பற்றிக்கொள்கிறது. சூடான ஈரமூச்சு என் முகத்தில் அடிக்கிறது. ஜன்னலைச் சாத்தினால் கண்ணாடியில் தண்ணீர் வழிகிறது. சுவரில் பூஞ்சை. கினுயேவின் நீலக் கிமோனோவிலும் பூஞ்சை. கோடை முழுக்க ஜன்னலைச் சாத்திக்கொண்டு வெந்துபோனேன். தலை வலிக்கிறது. போதாததற்கு அந்த இயந்திரத்துக்குள் ஒரு பெண் இருக்கிறாள். "குளிக்கத் தண்ணீர் தயார்" என்று சுவர் வழியாக என்னிடம் சொல்கிறாள். குளிக்கப்போவது நானா?

நான்கு மணிக்கு அந்த ஜன்னலடியில் எனக்கு ஒரு வேலை இருக்கிறது. என்ன வேலை என்பது உங்களுக்கு வேண்டாம். கீசரைக் கழற்றி வேறு சுவரில் மாட்டுங்கள்.

ஹமாஜி தொமேகிச்சி


அக்டோபர் 6

ஹமாஜி தொமேகிச்சி ஐயா அவர்களுக்கு,

செவ்வந்தி மொட்டுவிடும் இந்த நாட்களில் தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நலமாகத்தான் இருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை தாங்கள் கத்தியது மூன்று தெரு தாண்டிக் கேட்டது.

வேறு சுவரில் மாட்டச் சொல்கிறீர்கள். எங்கள் வீட்டின் முன்சுவர் சாலையில் இருக்கிறது. பின்சுவர் திருகாணித் தொழிற்சாலையுடையது. மறுபக்கம் வீடுகள் ஒட்டியே கிடக்கின்றன. கூரையில் மாட்டட்டுமா?

எங்கள் பழைய தொட்டிக் கீசர் ஜனவரிக் குளிரில் உயிரை விட்டது. என் மாமியாருக்குத் தொண்ணூற்றொரு வயது. தினமும் வெந்நீரில் அமிழ்ந்து எழாவிட்டால் அவர் விரல்கள் மடங்கியே கிடக்கும். பதினொரு நாள் கெட்டில் கெட்டிலாகக் காய்ச்சி ஊற்றினேன். அப்போது தாங்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு ஒரு வாரம் விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். குளியல் தொட்டி பாதி நிரம்புவதற்குள் தீர்ந்துபோகாத கீசர் வேண்டும். தண்ணீர் ஓட ஓடச் சுட வேண்டும். ஆறிப்போன குளியல் நீரையும் திரும்பச் சூடாக்கித் தர வேண்டும். ஏனென்று கேட்பீர்கள். ஒரே தண்ணீரில் முதலில் மாமியார், பிறகு என் கணவர், கடைசியில் நான். அவர் இருந்தவரை அப்படித்தான். நாற்பத்தைந்து வருடம் ஆறிய தண்ணீரில் குளித்தவள் இந்த வருடம்தான் சூடான தண்ணீரில் குளிக்கிறேன். அதைக் கழற்றச் சொல்ல வந்துவிட்டீர்கள்.

மேலும், நான் யாருக்கும் தெரியாமல் மாட்டவில்லை. பிப்ரவரியில் தெருவில் வீடு வீடாகக் கைமாறிச் சுற்றிவரும் அறிவிப்புப் பலகையில் தாள் வைத்து அனுப்பினேன். எந்தச் சுவர், புகைவாய் எந்தப் பக்கம், எல்லாம் எழுதியிருந்தேன். ஆட்சேபணை இருந்தால் எழுதுங்கள், இல்லையென்றால் கையெழுத்துக்குப் பதில் பெயர் முத்திரை போடுங்கள் என்றும் எழுதியிருந்தேன். ஐந்து வீட்டாரும் போட்டீர்கள். அந்தத் தாளின் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். நான்கு முத்திரைகள் நேராக இருக்கின்றன. தங்களுடையது மட்டும் தலைகீழாக இருக்கிறது. ஒரு கிழவியின் குளியல் விஷயத்தில்கூட இப்படி ஓர் அவமதிப்பு தேவைதானா என்று அன்றே நினைத்தேன். கினுயே அக்காவின் நினைவுக்காகப் பேசாமல் இருந்தேன்.

வேலை தொடங்கும் முன், சத்தத்துக்கு மன்னிக்கச் சொல்லி வீடு வீடாகத் துண்டும் கொடுத்தேன். தாங்களும் வாங்கிக்கொண்டீர்கள்.

நிஷிவாகி ஹாருயோ


அக்டோபர் 10

நிஷிவாகி அம்மா அவர்களுக்கு,

இன்று மழை. பருவத்தைப் பற்றி எழுதியாயிற்று.

முத்திரை என்னுடையதுதான். அதைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை.

துண்டைப் பற்றிப் பேசுகிறேன். ஒரு முறை துவைத்ததும் அது மீன்வலை ஆகிவிட்டது. அதைக் கொடுத்து ஒரு ஜன்னலை வாங்கிவிட்டதாக நினைக்கிறீர்களா?

நீங்கள் ஆறிய தண்ணீரில் குளித்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் உங்கள் கணவரிடம் சொல்லியிருப்பேன். அவரும் நானும் ஒரே பட்டறையில் இருபது வருடம் கரண்டிக்கு மெருகேற்றியவர்கள். ஆனால் அவர் செய்த தவறுக்கு என் மூக்கில் புகை விடுவது நியாயமா?

நாற்பத்தைந்து வருடம் பக்கத்து வீடு. கினுயே ஊறுகாய் போட்டால் முதல் கிண்ணம் உங்களுக்கு. அவளுடைய கிமோனோவில்தான் இன்று பூஞ்சை. நேற்று மூன்று தடவை துடைத்தேன். போகவில்லை.

நாளை என் ஜன்னலுக்கு வெளியே ஒரு பலகை அடிக்கப்போகிறேன். ஜன்னல் என்னுடையது, பலகை என்னுடையது, ஆணியும் என்னுடையது.

ஹமாஜி தொமேகிச்சி


அக்டோபர் 13

ஹமாஜி ஐயா,

பருவம் விசாரிக்க எனக்கு நேரமில்லை.

நேற்று நான்கு மணி. மாமியாரின் தலையில் சோப்பு. கண்ணிலும் சோப்பு. கீசர் நின்றுவிட்டது. சுவரிலிருக்கும் அதன் பொத்தான் பெட்டியில் ஏதோ எண் மின்னுகிறது, பீப் பீப் என்று கத்துகிறது. குழாயில் பச்சைத் தண்ணீர் வருகிறது. மாமியார் நடுங்கிக்கொண்டே, "ஏன்டி ஹாருயோ, என்னக் காய வெச்சுக் கருவாடா விக்கப்போறியா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. துணியைச் சுற்றி, கெட்டில் வைத்து, சோப்பைக் கழுவி முடிக்க முக்கால் மணி நேரம். விடிந்ததும் அவர் விரல்கள் பிரியவில்லை.

கீசரை மாட்டிய கடைக்காரர் வந்து சந்தில் எட்டிப் பார்த்தார். "யாருங்க இந்தப் பலகைய அடிச்சது? போற புக முட்டித் திரும்பி வருது. அதான் மெஷின் தானா நின்னுக்கிச்சு. நல்லவேள. இல்லன்னா ரெண்டு வீட்டுக்கும் ஆபத்து" என்றார்.

கீசரோடு வந்த கையேட்டையும் கடைக்காரர் கொடுத்த எல்லாத் தாள்களையும் பிரதி எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். புகைவாயை அடைக்கக் கூடாது என்று எட்டாம் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. எதைக் கொடுத்தாலும் யோசிக்காமல் முத்திரை குத்துகிறவர் தாங்கள். இதையாவது படியுங்கள்.

பலகையை இன்றே எடுக்க வேண்டும். நவம்பர் 28 தெருக் கூட்டத்தில் அந்தத் தலைகீழ் முத்திரைத் தாளை எல்லார் முன்பும் வைக்கப்போகிறேன். ஏன் அப்படிப் போட்டீர்கள் என்பதைத் தாங்கள் அங்கே எழுந்து சொல்லுங்கள்.

நிஷிவாகி


அக்டோபர் 14

நிஷிவாகி அம்மா அவர்களுக்கு,

பலகையைக் கழற்றிவிட்டேன். காலையில் சத்தம் கேட்டிருப்பீர்கள்.

உங்கள் மாமியாரிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். அவரிடம் மட்டும். உங்களிடம் இல்லை.

கையேட்டைப் படிக்கிறேன். எல்லாத் தாளும் சேர்த்து அறுபத்திரண்டு பக்கம் இருக்கிறது. அவசரப்படுத்த வேண்டாம். கூட்டத்துக்கு முன்னால் முடித்துவிடுவேன்.

ஹமாஜி


நவம்பர் 1

ஹமாஜி ஐயா அவர்களுக்கு,

மேப்பிள் இலைகள் சிவக்கத் தொடங்கிவிட்டன. தாங்கள் கையேட்டின் எந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்று அறிய ஆவல். பதினெட்டு நாள் ஆகிறது. நான் அதை ஒரு தேநீர் குடிக்கும் நேரத்தில் புரட்டி முடித்தேன்.

நாள் கடத்தினால் நான் மறந்துவிடுவேன் என்று நினைக்க வேண்டாம். முத்திரைத் தாள் என் மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது.

நிஷிவாகி ஹாருயோ


நவம்பர் 14

நிஷிவாகி அம்மா அவர்களுக்கு,

தேநீர் குடிக்கும் நேரத்தில் புரட்டினீர்கள். அதுதான் கோளாறு. நான் முப்பத்தொரு நாள் படித்தேன். இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள்.

இந்தக் கடிதம் நீளம். எழுத நான்கு நாள் ஆயிற்று. ஒவ்வொரு நாளும் கோபம் குறையுமா என்று பார்த்தேன். குறையவில்லை. ஆனால் எழுத எழுத நன்றாக இருந்தது. இதையும் சொல்லிவிட வேண்டும்.

நான்கு மணிக்கு எனக்கு என்ன வேலை என்று முன்பு நான் சொல்லவில்லை. வீட்டுப்பாடம். ஏப்ரலிலிருந்து நான் மாலைப் பள்ளிக்குப் போகிறேன். ஐந்தரைக்கு மணி அடிக்கும். நான்கு மணிக்கு உட்கார்ந்து எழுதினால்தான் உண்டு. உங்கள் கீசரின் ஈரத்தில் என் நோட்டுத் தாள்கள் வாட்டிய கணவாய் மீன் மாதிரிச் சுருண்டுபோயின. ஒரிதா ஆசிரியை, "ஹமாஜி ஐயா, நோட்ட எடுத்துக்கிட்டுக் குளிக்கப் போறீங்களா?" என்று கேட்டார்.

உங்கள் கையேட்டை வகுப்புக்கு எடுத்துப்போனேன். புத்தகத்தில் இருப்பதை விட இதைப் படிக்கலாம் என்று ஆசிரியையே சொன்னார். நாங்கள் ஆறு பேர். நாளுக்கு இரண்டு பக்கம். முதல் பன்னிரண்டு பக்கம் முழுக்க இதைச் செய்யாதே, அதைச் செய்யாதே. மேலே துணி காயப்போடாதே. பக்கத்தில் பெட்ரோல் வைக்காதே. சிலந்தி கூடு கட்டினால் கடைக்காரரைக் கூப்பிடு. என் அப்பாகூட எனக்கு இத்தனை புத்தி சொன்னதில்லை. என் பக்கத்தில் உட்காரும் பாக் அம்மாவுக்கு எண்பது வயது. கொரியாவில் பிறந்து சின்னப் பிள்ளையாக இங்கே வந்தவர். அவர், "ஏன் ஹமாஜி, இந்தக் கீசரையே கட்டிக்கப்போறியா? தெனமும் அதையே மடியில வெச்சிருக்க" என்றார். "இவ நல்லாப் பேசறா பாக் அம்மா. குளிக்கத் தண்ணி தயார்னு சொல்றா. நீங்க என்னைக்காவது சொன்னீங்களா?" என்றேன். வகுப்பே சிரித்தது.

பிறகு பின்னால் இருந்த தாள்கள் வந்தன. கீசரை எப்படிப் பொருத்த வேண்டும் என்று கடைக்காரருக்குச் சொல்லும் பகுதி. போன செவ்வாய்க்கிழமை நாற்பத்தேழாம் பக்கம் என் முறை. எழுந்து நின்று படித்தேன். எதிரே ஜன்னலோ சுவரோ நெருக்கமாக இருந்தால், புகையை மேலே திருப்பிவிடும் மூடியைக் கட்டாயம் மாட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறது. படமும் போட்டிருக்கிறது. கட்டைவிரல் நகம் அளவில் ஒரு வீடு, அதன் எதிரே இன்னொரு வீடு, நடுவில் சந்து. நம் சந்து.

நான் படிப்பதை நிறுத்திவிட்டேன். ஆசிரியை, "என்னாச்சு? எழுத்து கஷ்டமா இருக்கா?" என்றார். "இல்லீங்க. எழுத்து நல்லாத்தான் இருக்கு. மூடிதான் இல்ல" என்றேன்.

நிஷிவாகி அம்மா, உங்கள் கீசரில் அந்த மூடி இல்லை. ஒன்பது மாதமாக அதன் முகத்தில்தான் நான் விழித்துக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தெரியாதா?

இன்னும் இருக்கிறது. அறுபத்தோராம் பக்கம். வேலை முடிந்ததும் கடைக்காரர் கொடுத்த சான்று. எது எது செய்தோம் என்று வரிசையாகக் குறி போட்டிருக்கிறார்கள். ஏழாவது வரி: புகை திருப்பும் மூடி மாட்டப்பட்டது. குறி இருக்கிறது. கீழே 'எல்லாவற்றையும் பார்த்துச் சரி என்று கண்டேன்' என்ற வரி. அதன் பக்கத்தில் உங்கள் முத்திரை. மிக நேராக.

யோசிக்காமல் முத்திரை குத்துகிறவன் நான் என்றீர்கள். நீங்கள் என்ன செய்தீர்கள்? உங்களுக்குப் படிக்கத் தெரியும். அழகாகக் கடிதம் எழுதத் தெரியும். செவ்வந்தியும் மேப்பிளும் தெரியும். உங்கள் சுவரில் இல்லாத ஒரு மூடி இருக்கிறது என்று முத்திரை போட்டீர்கள்.

எனக்குப் படிக்கத் தெரியாது. பிப்ரவரியில் தெரியாது. எட்டு வயதில் பட்டறையில் நின்றவன், பள்ளிக்கூட வாசலைப் பார்த்ததில்லை. கினுயேதான் எல்லாவற்றையும் படித்துச் சொல்வாள், அவளே முத்திரையும் போடுவாள். உங்கள் கணவருக்குக்கூடத் தெரியாது. சம்பளத் தாளை, 'கண்ணாடி கொண்டுவரல' என்று சொல்லி வீட்டுக்கு எடுத்துப்போவேன். அவள் போன பிறகு அறிவிப்புப் பலகை வரும். மற்றவர்கள் வைத்த சிவப்பு வட்டங்கள் வரிசையாக இருக்கும். நானும் ஒரு வட்டம் வைத்து அடுத்த வீட்டில் கொடுத்துவிடுவேன். முத்திரையில் எது மேல் என்று காட்டும் பள்ளம் என்றோ தேய்ந்துவிட்டது. எழுத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க எனக்குத் தெரியாது. உங்களை அவமதிக்க எனக்கு எழுத்து தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

என் ஜன்னலை நானே முத்திரை போட்டுக் கொடுத்தேன் என்பதுதான் எனக்கு மிகப் பெரிய கோபம். அந்தக் கோபத்தில்தான் பலகை அடித்தேன். அடித்த நாளில் எட்டாம் பக்கத்தை நான் படித்திருக்கவில்லை.

கீசரைக் கழற்ற வேண்டாம். மூடியைப் போடுங்கள்.

ஹமாஜி தொமேகிச்சி


நவம்பர் 18

ஹமாஜி ஐயா அவர்களுக்கு,

குளிர் தொடங்கிவிட்டது. வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

தங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிறகு அலமாரியிலிருந்து பழைய அறிவிப்புப் பலகைத் தாள்களை எடுத்தேன். தெருவின் தாள்களை எல்லாம் நான்தான் சேர்த்து வைக்கிறேன் என்பது தங்களுக்குத் தெரியும். போன வருடம் ஜூன் வரை ஹமாஜி வீட்டு முத்திரை நேராக இருக்கிறது. கினுயே அக்கா அந்த மாதம்தான் போனார். அதற்குப் பிறகு பத்தொன்பது தாள். பதினொன்று தலைகீழ், ஐந்து பக்கவாட்டில், மூன்று மட்டும் நேர். என் கண் முன்னால் கிடந்திருக்கிறது. நான் அதை அவமதிப்பு என்று படித்தேன்.

எனக்கும் கோபம் இருக்கிறது. சொல்லிவிடுகிறேன். நாற்பத்தைந்து வருடப் பழக்கம். "ஹாருயோ, இத கொஞ்சம் படிச்சுச் சொல்லும்மா" என்று ஒரு நாள் சந்தில் நின்று கேட்டிருந்தால் நான் என்ன கடித்தா தின்றிருப்பேன்? தனியாக உட்கார்ந்து வட்டம் வட்டமாகக் குத்திக்கொண்டிருந்தீர்களே. சண்டை போட மட்டும் என் சுவர் தெரிந்தது.

கடைக்குப் போனேன். அறுபத்தோராம் பக்கத்தை அவர் முன்னால் விரித்தேன்.

"மூடி வேன்லயேதாம்மா கெடந்துச்சு. அன்னைக்கு மழை. அவசரத்துல மறந்துட்டோம்."

"மறந்தத மாட்டியாச்சுன்னு எப்பிடிக் குறி போட்டீங்க?"

"எப்பவும் போடறதுதாம்மா. நீங்களும் முத்திரை போட்டீங்களே."

தாளை மடித்துக்கொண்டு கிளம்பினேன். அங்கே எரிந்த கோபத்தை வீடு வரை தூக்கிக்கொண்டு நடந்தேன். பாதி அவன் மேல். மீதி யார் மேல் என்று தங்களுக்குத் தெரியும். கீசர் மாட்டிய அன்றைக்கு நான்கு மணி ஆகிவிட்டது, மாமியாரைக் குளிப்பாட்டும் அவசரம். நீட்டிய இடத்தில் குத்தினேன்.

டிசம்பர் 2 காலை வந்து மூடி மாட்டுகிறார்கள். புகை மேலே போய்விடும். சுவரில் துளை போட வேண்டியிருப்பதால் மறுபடியும் பலகையில் தாள் வைத்திருக்கிறேன். தங்கள் வீட்டுக்கே முதலில் அனுப்புகிறேன். படித்துவிட்டுச் சம்மதம் இருந்தால் மட்டும் முத்திரை போடுங்கள்.

கூட்டத்தில் பழைய தாளைக் காட்ட மாட்டேன். கிழித்துவிடவா என்று சொல்லுங்கள்.

தாங்கள் கேட்ட மன்னிப்பை மாமியாரிடம் முன்பே சொன்னேன். அவர் பதில் இது: "அடுத்த வாட்டி வெந்நிய நிறுத்தறதுக்கு முன்னாடி, சோப்பு போயிடுச்சான்னு ஒரு வார்த்த கேக்கச் சொல்லு."

நிஷிவாகி ஹாருயோ


நவம்பர் 21

நிஷிவாகி அம்மா அவர்களுக்கு,

காலையில் கண்ணாடியில் பனி. என் ஜன்னலில் பனி விழுந்து பார்த்தது இந்த வருடம் இதுதான் முதல் தடவை. நான்கு மணிக்குப் பிறகு வழக்கம்போல உங்கள் தண்ணீர் வழிந்தது.

உங்கள் தாளைப் படித்தேன். இரண்டு முறை படித்தேன். நீங்கள் தெற்குச் சுவர் என்று எழுதியிருக்கிறீர்கள். சந்து இருப்பது உங்கள் வடக்குச் சுவரில். அவசரத்தில் எழுதுகிறீர்கள் என்று நினைக்கிறேன். சிவப்புப் பென்சிலால் திருத்தியிருக்கிறேன். கடைக்காரர் தெற்குச் சுவரில் துளை போட்டால் அடுத்த வீட்டின் சமையலறை வந்துவிடும்.

நான் ஏன் கேட்கவில்லை என்கிறீர்கள். ஒரு நாள் கேட்க வந்தேன். போன வருடம் செப்டம்பர், மின்சார அலுவலகத்திலிருந்து ஏதோ தாள் வந்தது. சந்து வரை வந்தேன். நீங்கள் மாமியாருக்குச் செய்தித்தாளைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தீர்கள். தண்ணீர் மாதிரி ஓடியது. அதைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டேன். ஏப்ரலில் பள்ளியில் சேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இதற்காக உங்களுக்கு நன்றி சொல்ல முடியாது. புகை விட்டதற்கு இன்னும் கோபம் இருக்கிறது. கிமோனோவின் கறை போகவில்லை. மூடி வந்த பிறகு ஜன்னலைத் திறந்துவைத்துப் பார்த்துத்தான் கோபத்தை என்ன செய்வது என்று முடிவு செய்வேன்.

பழைய தாளைக் கிழிக்க வேண்டாம். கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். ஏன் தலைகீழாக இருக்கிறது என்று நானே எழுந்து சொல்கிறேன். இந்தத் தெருவில் பலகை வந்தால் வட்டம் மட்டும் குத்துகிறவன் நான் ஒருவன்தானா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. அறுபத்தோராம் பக்கத்தைப் பார்த்த பிறகு வந்த சந்தேகம். நீங்களும் எழுந்து சொல்வீர்களா என்பது உங்கள் விருப்பம்.

உங்கள் தாளில் என் வீட்டுக்கு நேரே முத்திரை இல்லை என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். சம்மதம்தான். முத்திரையை எடுத்தேன், அதில் எது மேல் என்று இப்போது எனக்குத் தெரிகிறது, ஆனாலும் திரும்ப வைத்துவிட்டேன். கட்டத்துக்குள் பெயரைக் கையால் எழுதியிருக்கிறேன். கடைசி எழுத்து கட்டத்தைத் தாண்டி அடுத்த வீட்டுக்காரர் இடத்துக்குள் போய்விட்டது. அவர் ஆட்சேபித்தால் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். படித்துப் பார்க்கிறேன்.

ஹமாஜி தொமேகிச்சி